வீட்டு வேலைக்கு பிராண்ட் டூல் பாக்ஸ் வாங்குவது தகுமா? (கடலோர வீடு, குமரி மாவட்டம்)

ராஜாக்கமங்கலம்_வீடு:

எல்லாருக்கும் வணக்கம். சென்னை வாடகை வீட்டை விட்டுவிட்டு, ராஜாக்கமங்கலத்தில் அப்பா கட்டிய வீட்டுக்கே குடும்பத்தோடு வந்துவிட்டோம். ராத்திரியில் கடல் சத்தம் கேட்கும் தூரம். பழைய பகுதி கருங்கல் சுவர், பின்னால் சேர்த்த இரண்டு அறை செங்கல், மேலே கான்கிரீட்.

வேலை ஓயவில்லை. குழாய் சொட்டுகிறது, கொண்டி விழ மாட்டேன் என்கிறது, திரைச்சீலைக்குக் கம்பி மாட்ட வேண்டும், சமையலறையில் தட்டு அடிக்க வேண்டும். ஆள் கூப்பிட்டால் "நாளைக்கு வாறேன்" என்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அரை மணி நேர வேலைக்கு நாகர்கோவிலில் இருந்து வண்டி எடுத்து வந்தால் அவர்களுக்குக் கட்டாது. அதனால் நானே செய்யலாம் என்று இருக்கிறேன்.

ஆன்லைனில் மூன்று வகை பார்த்தேன். ஒன்று, டிரில்லோடு சேர்ந்து பெட்டியில் வருகிற போஷ் செட். இரண்டு, கைக்கருவிகள் மட்டும் உள்ள ஸ்டான்லி பெட்டி. மூன்று, பெயர் தெரியாத கம்பெனியின் பெரிய செட். பாதி விலைதான், உருப்படி எண்ணிக்கை இரண்டு மடங்கு. மைத்துனர் "பெட்டியே வேண்டாம், டபாரியா கம்பெனிக் கருவியை உதிரியாக வாங்கு" என்கிறார். கையில் ஆறாயிரம் ரூபாய் வரை இருக்கிறது. பிராண்ட் பெயருக்குக் கொடுக்கிற காசு வீட்டு உபயோகத்துக்குத் தகுமா?

மார்த்தாண்டம்_கடை:

தம்பி, நான் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். முதலில் அந்த எண்ணிக்கையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நூறு உருப்படி என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவும், ஒவ்வொரு ஆணியும், ஒவ்வொரு வால் பிளக்கும் ஓர் உருப்படி. டிரில் பிட், ஸ்க்ரூ பிட் எல்லாம் தனித்தனி உருப்படி. கையில் பிடித்து வேலை செய்கிற கருவி என்று எடுத்து வைத்தால் பத்துப் பன்னிரண்டு தேறும். இதை யாரும் ஒளித்து வைப்பதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். வாங்குகிறவர்கள் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஒரே பெயருக்குக் கீழே பல தரம் இருக்கிறது. போஷ் எடுத்துக்கொள்ளுங்கள், நீல நிறம் தொழில்காரர்களுக்கு, பச்சை நிறம் வீட்டு உபயோகத்துக்கு. இரண்டும் போஷ்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. செட்டில் டிரில் நல்லதாக இருக்கும், கூட வைத்திருக்கும் சுத்தியலும் ஸ்பானரும் சுமாராக இருக்கும். விலையில் பெரும்பங்கு டிரில்லுக்குப் போய்விடும், மிச்சத்தை வைத்துப் பெட்டியை நிறைக்க வேண்டுமே.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் எந்த நாட்டில் தயாரானது, இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன, எம்ஆர்பி எவ்வளவு எல்லாம் இருக்க வேண்டும். 2011-ம் ஆண்டு எடையளவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. இவை இல்லாத பெட்டியைக் கையாலும் தொடாதீர்கள், மேலே எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் சரி. பெரிய பெயர்களுக்குப் போலி நிறைய சுற்றுகிறது.

முட்டம்_கரை:

பிராண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் துருவைப் பற்றிப் பேசியாக வேண்டும். ராஜாக்கமங்கலம் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். கோயம்புத்தூர்க்காரரும் பெங்களூர்க்காரரும் எழுதுகிற ரெவ்யூவை வைத்து நாம் கருவி வாங்கக் கூடாது. அவர்கள் ஊரில் பத்து வருடம் பளபளவென்று இருக்கும் ஸ்பானர் நம் வீட்டில் இரண்டு மழைக்காலம் தாங்குமா என்பதுதான் கேள்வி.

காற்றில் வருகிற உப்பு இரும்பின் மேல் படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் இருந்தாலே போதும். அதாவது மழை பெய்யாத நாளிலும், நம் கண்ணுக்குக் காய்ந்து தெரிகிற கருவியின் மேலும் மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இடையில் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இதைத் தாங்குவது பெயரல்ல, மேல்பூச்சு. குரோம் பூச்சு நன்றாக இருந்தால் நாள் தாங்கும், ஆனால் ஒரு புள்ளி உரிந்தால் அங்கிருந்து உள்ளே பிடிக்கும். கறுப்பாக்கிய இரும்பு, அதாவது கறுப்பு நிறத்தில் வருகிற பிட்டும் சாக்கெட் ஸ்பானரும், எண்ணெய் இல்லாமல் இங்கே நிற்காது. அளவு டேப் உள்ளே சுருளும் இரும்புப் பட்டை, அதுதான் முதலில் போகும். கட்டிங் பிளேயரின் கீல் இறுகிப்போகும். பெட்டியிலேயே இரும்புக் கொக்கி இருந்தால் அதுவும் போகும்.

நீங்கள் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் தடவி வையுங்கள். டபிள்யூடி-40 ஸ்பிரே நல்லதுதான், 1953-ல் தண்ணீரை விலக்குவதற்கென்றே செய்தது. ஆனால் அதன் படலம் மெல்லியது, மாதக்கணக்கில் காக்கும் என்று நம்ப வேண்டாம். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை, நாள்பட்டால் தூசியைப் பிடித்துப் பிசுபிசுத்துவிடும்.

தக்கலை_மரவேலை:

முட்டத்துக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. நான் கருவியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன், மரவேலைதான் என் தொழில்.

பிராண்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய இடமும் இருக்கிறது, கொடுக்கவே வேண்டாத இடமும் இருக்கிறது. முனையும் வாயும் உள்ள கருவிக்குக் கொடுங்கள். ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், ஸ்பானர், பிட். இவை வேலை செய்வது ஒரு சின்ன முனையில்தான். ஸ்டார் டிரைவரின் முனை மென்மையாக இருந்தால் ஒரு இறுக்கமான ஸ்க்ரூவில் வழுக்கும், வழுக்கும்போது ஸ்க்ரூவின் தலையையும் அரைத்துவிடும். தலை அரைபட்ட ஸ்க்ரூவைக் கழற்றுவது டிரைவர் விலையைவிடப் பெரிய செலவு. நம் ஊர்ப் பழைய கதவெல்லாம் அயனி, பலா, தேக்கு. அதற்குள் வருடக்கணக்காகத் துருப்பிடித்து இறுகிய ஸ்க்ரூவை மலிவு டிரைவரால் அசைக்கக்கூட முடியாது.

டிரைவரிலும் ஸ்பானரிலும் குரோம் வனேடியம் என்று எழுதியிருக்கும், பிட்டில் எஸ்2 என்று எழுதியிருக்கும், இரண்டும் எஃகு வகையின் பெயர். எழுத்து மட்டும் போதாது, சூடேற்றிக் குளிர வைத்துப் பதம் போட்டது சரியாக இருக்க வேண்டும். பெயருள்ள கம்பெனிக்குக் காசு கொடுப்பது அந்தப் பதத்துக்குத்தான். ஒரு டஜன் வாங்கினால் பன்னிரண்டும் ஒரே பதத்தில் இருக்கும். மலிவு சரக்கில் ஒன்று நன்றாக இருக்கும், அடுத்தது வளையும்.

சுத்தியல், சுரண்டி, ரசமட்டம், பெட்டி, இதற்கெல்லாம் பெயர் தேவையில்லை. சுத்தியலில் கைப்பிடி தலையில் உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், போதும். ரசமட்டம் வாங்கும்போது கடையிலேயே ஒருக்கா சோதித்துவிடுங்கள். ஓரிடத்தில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அப்படியே முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி அதே இடத்தில் நின்றால் நல்ல மட்டம். ஐந்து மடங்கு விலை மட்டமும் இந்தச் சோதனையில் தோற்பதைப் பார்த்திருக்கிறேன்.

டபாரியா பற்றிக் கேட்டீர்கள். 1969-ல் ஒரு ஸ்வீடன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தவர்கள். நான் பழகிய மெக்கானிக், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லார் பையிலும் அவர்கள் கட்டிங் பிளேயர் இருக்கும். தினமும் பிழைப்புக்குக் கருவி பிடிக்கிறவர் எதை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ரெவ்யூவைவிட அதை நான் நம்புவேன்.

அபுதாபி_அருமனை:

ஒரு மாற்றுக் கருத்து. உதிரியாக வாங்கு என்று எல்லாரும் சொல்வது கருவி தெரிந்தவர்களுக்குச் சரி. தெரியாதவர் கடைக்குப் போய் எதை வாங்குவார்? நான் வெளிநாட்டில் இருக்கிறேன், ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். ஒரு நல்ல பிராண்ட் பெட்டி வாங்கி வைத்துவிட்டு வந்தேன். வேலைக்கு யார் வந்தாலும் அப்பா பெட்டியை எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் எந்தக் குழி காலியாக இருக்கிறது என்று பார்ப்பார். எது திரும்பி வரவில்லை என்று அவருக்கு உடனே தெரிகிறது. உதிரியாகச் சாக்குப் பையில் போட்டு வைத்திருந்தால் இது நடக்காது. இந்த ஒழுங்குக்காகவே அதிக விலை கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

அப்புறம் கல்ஃபில் இருந்து கருவி கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். அமீரகத்தில் வாங்கினால் வோல்ட் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும் மூன்று தட்டைக் கால், அதை மாற்றிக்கொள்ளலாம். சவுதியில் பழைய 127 வோல்ட் லைனுக்கென்று வாங்கிய டிரில்லை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். மேலே ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். அங்கே வாங்கிய பொருளுக்கு இங்கே வாரண்டி கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

மார்த்தாண்டம்_கடை:

அருமனைத் தம்பி சொன்ன ஒழுங்கு நியாயமான பேச்சு. ஆனால் அச்சில் வார்த்த பெட்டியில் ஒரு தொல்லை உண்டு. குழி அந்தக் கருவியின் வடிவத்துக்கு மட்டும்தான். பிளேயர் தொலைந்து வேறு கம்பெனி பிளேயர் வாங்கினால் அதில் உட்காராது, பெட்டியும் மூடாது. புதிதாக ஒரு கருவி சேர்க்கவும் இடம் இருக்காது. பெட்டி பாதி காலியாகவும் கருவிகள் வெளியே ஒரு பையிலும் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன்.

கோட்டாறு_மின்பணி:

யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். பிளேயரிலும் டிரைவரிலும் பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே அது ஷாக் தடுக்கும் என்று அர்த்தம் இல்லை. செட்டில் வருகிற பெரும்பாலான உறைகள் கைக்குப் பிடிமானத்துக்காகத்தான். மின்சார வேலைக்கு உரியது என்றால் அதன் மேல் 1000 வோல்ட் என்ற குறியும், இரட்டை முக்கோணக் குறியும், ஐஇசி 60900 என்ற தர எண்ணும் இருக்கும். இதில் மட்டும் தயவுசெய்து மலிவு பார்க்க வேண்டாம். இங்கே பிராண்டுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் தகும்.

அந்தக் கருவி கையில் இருந்தாலும் மெயினை அணைக்காமல் ஸ்விட்ச் போர்டைத் திறக்காதீர்கள். பழைய வீடு என்கிறீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டூல் பாக்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் ஊறி நிற்கும், ஈரச் சுவரில் டிரில் போடுகிறவருக்கு அது உயிர்க்காவல்.

சிலர் டிரில்லில் இரண்டு கால் பிளக்தான் இருக்கிறது, எர்த் இல்லை, இது போலியா என்று கேட்பார்கள். போலி இல்லை. தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை.

ஸ்விட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

ராஜாக்கமங்கலம்_வீடு:

எல்லாருக்கும் நன்றி. ஆர்சிசிபி வீட்டில் இல்லை, இன்று போய்ப் பார்த்தேன். அதை முதலில் போடச் சொல்லிவிட்டேன்.

டிரில் விஷயம் தெளிவாகவில்லை. செட்டில் வருவது 500 வாட், 10 எம்எம் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்). பழைய பகுதியின் கருங்கல் சுவரில் இது துளை போடுமா?

தக்கலை_மரவேலை:

செங்கல் சுவருக்கும் பூச்சுக்கும் போதும். திரைச்சீலைக் கம்பி, கண்ணாடி, கடிகாரம், சின்னத் தட்டு எல்லாம் அதில் ஆகும். கான்கிரீட் லிண்டலில் ஒன்றிரண்டு துளை சிரமப்பட்டுப் போடலாம். கருங்கல்லில் போடாது.

அந்த டிரில்லில் சுத்தியல் குறி போட்ட ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைத் திருப்பினால் அதிரும். இரண்டு பல் சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசித் தடதடப்பதுதான் அந்த அதிர்வு. எண்ணிக்கை அதிகம், அடியில் வலு கிடையாது. கல்லுக்கு வேண்டியது ரோட்டரி ஹாமர். அதில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி ஓங்கி அடிக்கும். அதன் பிட் சக்கில் இறுக்குவது அல்ல, பின்பக்கம் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிட், செருகினால் பிடித்துக்கொள்ளும். கையால் அமுக்கித் தள்ள வேண்டாம், அதுவே இறங்கும்.

உங்கள் வீட்டில் கல் சுவரில் எத்தனை துளை வேண்டும்? நாலைந்து என்றால் ஹாமரை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், மொத்தத் துளையையும் குறித்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் போட்டுவிடலாம். கல்லில் போடுவதைவிடக் கல்லுக்கு இடையில் உள்ள சாந்தில் போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து என்றால் பிளக் பிடிக்காது, எடையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

துளையும் பிளக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும், 8 எம்எம் பிளக்குக்கு 8 எம்எம் பிட். செட்டோடு வருகிற பிளக்கைத் தட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம், தனியாக நல்ல நைலான் பிளக் வாங்குங்கள். ஜெர்மனியில் ஆர்த்தர் ஃபிஷர் என்பவர் 1958-ல் நைலான் பிளக்கைக் கொண்டுவந்தார், இன்றும் ஃபிஷர் என்ற பெயரிலேயே கிடைக்கிறது. அரிசி டப்பா அடுக்கப் போகிற தட்டு அந்தச் சின்ன பிளக்கை நம்பித்தான் சுவரில் நிற்கிறது. டைல் மேல் துளை என்றால் அதிர்வை அணைத்துவிட்டு, ஒரு டேப் ஒட்டி, பைய ஓட்டுங்கள். டைலைத் தாண்டிய பிறகு அதிர்வைப் போடலாம்.

வடசேரி_டீச்சர்:

அண்ணன்மார் எல்லாரும் கருவியின் தரத்தைப் பேசுகிறீர்கள், பயன்படுத்துகிற கையையும் பேச வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வேலைகளை நான்தான் செய்கிறேன். பெட்டி செட்டில் வரும் பிளேயர், ஸ்பானர் எல்லாம் பெரிய கைக்கு அளந்து செய்தவை. என் கைக்கு ஆறு அங்குல பிளேயர்தான் சரியாக அமைகிறது. செட்டில் எட்டு அங்குலம்தான் வரும். டிரில்லும் அப்படித்தான், இரண்டு கிலோ எடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துத் துளை போடுவது பெரிய வேதனை. கடையில் கையில் பிடித்துப் பார்க்காமல் யாரும் வாங்காதீர்கள். நான் 12 வோல்ட் பேட்டரி டிரைவர் ஒன்று வைத்திருக்கிறேன், ஸ்க்ரூ வேலை முழுவதும் அதில்தான். சுவருக்கு மட்டும் வயர் டிரில்.

அருமனைக்காரர் சொன்ன ஒழுங்கு எனக்கும் பிடித்ததுதான். அதற்கு விலையுள்ள பெட்டி வேண்டியதில்லை. கண்ணாடி மாதிரி தெரியும் சமையலறை பிளாஸ்டிக் டப்பா, மேலே பெயர் எழுதி ஒட்டி: குழாய், மின்சாரம், கதவு, சுவர். குழாய் டப்பாவில் டெஃப்லான் டேப், வாஷர், ஸ்க்ரூ ஸ்பானர். நடுராத்திரியில் குழாய் பிடுங்கிக்கொண்டால் என் மகள்கூட சரியான டப்பாவை எடுத்து வருவாள். இறுக்கமான மூடி உள்ள டப்பா என்றால் கடல் காற்றும் உள்ளே போகாது.

முட்டம்_கரை:

டீச்சர் சொன்ன இறுக்கமான மூடிதான் நம் ஊருக்கான பெட்டி, இதை எல்லாரும் கவனியுங்கள். உள்ளே இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பை போடுங்கள். அது ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும், அப்போது சூடு காட்டி உலர்த்தினால் மறுபடி வேலை செய்யும். கேன்வாஸ் பை, சணல் பை வேண்டவே வேண்டாம், துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று அடுக்காக விரியும் தகரப் பெட்டி வேலைக்கு வசதிதான், ஆனால் கடலோரத்தில் அதன் கீல்தான் முதலில் உளுத்துப் போகிறது.

வீட்டுக்கு வெளியே போடும் ஸ்க்ரூவுக்கு ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். 304 என்பது சாதாரணம், கடல் பக்கம் அதிலும் பழுப்புக் கறை வரும். 316-ல் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பைத் தாங்குவது அதுதான்.

குலசேகரம்_ரப்பர்:

எங்களுக்குக் கடல் தூரம், மலை பக்கம், ஈரம் மட்டும் ஒன்றுதான். நான் சொல்ல வந்தது ஒக்கி புயல். 2017 நவம்பர் கடைசியில் அடித்த அந்தக் காற்றை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். ரப்பரும் வாழையும் தேக்கும் சாய்ந்து வழியெல்லாம் அடைபட்டது, மின்கம்பம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எந்த பிராண்ட் டிரில்லும் அன்றைக்கு ஒரு வேலைக்கும் உதவவில்லை. உதவியது வெட்டுகத்தி, கோடாரி, கைவாள், கயிறு, கடப்பாரை. அண்டை வீட்டில் விழுந்த மரத்தை அறுத்து வழிவிட்டதும், பறந்துபோன ஓட்டுக்குப் பதிலாகத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியதும் இவற்றை வைத்துத்தான்.

நீங்கள் பார்க்கும் எந்தச் செட்டிலும் ஒரு நல்ல கைவாள் இருக்காது. நம் மாவட்டத்தில் வீடு வைத்திருப்பவருக்கு அது இல்லாமல் எப்படி? வெட்டுகத்திக்கு பிராண்ட் தேட வேண்டாம், ஊர்க் கொல்லரிடம் அடித்து வாங்கியதே நிற்கும். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடிக்கச் சொல்லுங்கள், அந்த இரும்புக்குப் பதம் நன்றாக ஏறும். முனை மழுங்கினால் அவரிடமே கொண்டுபோய்க் காய்ச்சித் தட்டிக்கொள்ளலாம். அந்த சர்வீஸ் எந்தக் கம்பெனியும் தராது மக்கா.

அபுதாபி_அருமனை:

ஒக்கி சமயத்தில் நான் ஊரில் இல்லை. வீட்டுக்கு போன் போகாமல் தவித்த நாட்கள் அவை. குலசேகரத்துக்காரர் சொன்னதைப் படித்ததும் என் அப்பாவின் பெட்டியில் கைவாள் இல்லை என்பது உறைத்தது. அடுத்த லீவில் வாங்கி வைப்பேன்.

ஆனாலும் டிரில் விஷயத்தில் பிராண்ட் பக்கமே நிற்கிறேன். மின்கருவியில் தேய்வது கார்பன் பிரஷ், அதுவும் ஸ்விட்ச்சும்தான் சீக்கிரம் போகும். பெயருள்ள மாடல் என்றால் பத்து வருடம் கழித்தும் பிரஷ் கிடைக்கும், உள்ளூர் வைண்டிங் கடைக்காரரே மாற்றிக் கொடுப்பார். பெயர் தெரியாத கம்பெனியின் டிரில்லுக்குப் பிரஷ் தேடி அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மார்த்தாண்டம்_கடை:

சரியான பேச்சு. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: "இதற்கு பிரஷ் வைத்திருக்கிறீர்களா?" பதில் தடுமாறினால் அந்த மாடலை விடுங்கள்.

பெயர்களைப் பற்றி இன்னொரு தகவல். ஸ்டான்லியா, பிளாக் அண்ட் டெக்கரா, டிவால்ட்டா என்று மூன்றையும் எதிரெதிராக வைத்து ஒப்பிட்டு மண்டையை உடைக்கிறார்கள். மூன்றும் ஒரே கம்பெனி. 2010-ல் ஸ்டான்லியும் பிளாக் அண்ட் டெக்கரும் இணைந்தன, டிவால்ட் அதற்கு முன்பே பிளாக் அண்ட் டெக்கரிடம் இருந்தது. ஒரே கம்பெனி மூன்று பெயரில் மூன்று வகை ஆட்களுக்கு விற்கிறது: டிவால்ட் தொழில்காரருக்கு, பிளாக் அண்ட் டெக்கர் வீட்டுக்கு, ஸ்டான்லி பெரும்பாலும் கைக்கருவிக்கு. அதனால் பெயரைப் பார்க்காமல் அந்தக் குறிப்பிட்ட கருவியைப் பாருங்கள்.

ராஜாக்கமங்கலம்_வீடு:

இப்போது என் பட்டியல் இப்படி நிற்கிறது. போஷ் நீல நிற இம்பாக்ட் டிரில் (அந்த அதிர்வு ஸ்விட்ச் உள்ளது), செட் இல்லாமல் தனியாக. அதற்கு 6, 8 எம்எம் சுவர் பிட். டபாரியாவில் எட்டு அங்குல பிளேயர், ஸ்டாரும் பிளாட்டுமாக நாலு டிரைவர், ஸ்க்ரூ ஸ்பானர், பைப் ரெஞ்ச். ஃப்ரீமேன்ஸ் அளவு டேப். சுத்தியல், ரசமட்டம், ஆக்ஸா பிளேடு, கைவாள் எல்லாம் கோட்டாறு கடைத்தெருவில் பார்த்து வாங்குவது. மூடி இறுக்கமான டப்பா நாலு. கல் சுவருக்கு ஹாமர் வாடகைக்கு. மின்சாரத்துக்கு 1000 வோல்ட் குறி போட்ட டிரைவர் ஒன்று, டெஸ்டர் ஒன்று.

அம்மாவும் பயன்படுத்துவார் என்பதால் பிளேயரை ஆறு அங்குலமாக மாற்றலாமா என்று யோசிக்கிறேன். முன்கதவு இந்த மழையில் ஊதிச் சாத்த மாட்டேன் என்கிறது, அதற்கு ஒரு இழைப்புளியும் சேர்க்க வேண்டுமா?

கோட்டாறு_மின்பணி:

டெஸ்டரை மட்டும் நம்பி வயரைத் தொடாதீர்கள். முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு அணைத்த இடத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் காட்டும்.

வடசேரி_டீச்சர்:

அம்மாவைக் கூட்டிக்கொண்டே கடைக்குப் போங்கள், அவர் பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

தக்கலை_மரவேலை:

இழைப்புளி வாங்க வேண்டாம் தம்பி, முக்கியமாக இப்போது இழைக்கவே வேண்டாம். மழையில் ஊதிய கதவை மழையிலேயே இழைத்தால் மாசி, பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கும், அப்போது விரல் போகிற அளவு சந்து விழும். இப்போதைக்குக் கீல் ஸ்க்ரூக்களை ஒருக்கா இறுக்கிப் பாருங்கள். பாதிக் கதவுகள் ஊதியதால் முட்டுவதில்லை, மேல் கீல் தளர்ந்து தொங்குவதால்தான் முட்டுகின்றன. ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால் ஓட்டையில் ஒரு மூங்கில் குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்தபின் அதில் ஸ்க்ரூ ஏற்றுங்கள். இதற்கு வேண்டியது உங்கள் பட்டியலில் உள்ள ஒரு நல்ல டிரைவர் மட்டும்தான்.

அதற்குப் பிறகும் முட்டினால் கதவைக் கழற்றி அடிப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் பாருங்கள். பெயின்ட் அடிப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு முகத்துக்கும் அடித்துவிட்டு இந்த இரண்டு ஓரத்தையும் விட்டுவிடுவார்கள். ஈரம் ஏறுவது அங்கேதான். வெயில் வந்து மரம் நன்றாகக் காய்ந்ததும் அந்த ஓரங்களுக்கு ஒரு கோட் அடித்துவிடுங்கள்.